அடகு வைத்த வளையலும் மொட்டைக் கோபுரமும்: எதிர்பார்ப்பு வேலை செய்யும் விதம் குறித்து

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் தன்னம்பிக்கை நூல்கள் எப்போதும் முன்வரிசையில் கிடக்கும். பல அட்டைகளில் அப்துல் கலாம் சிரிப்பார். கனவு காணச் சொன்னவர் என்றே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் தூய வளனார் கல்லூரியில்தான் அவர் 1954 வரை இயற்பியல் படித்தார். ஆனால் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில், வெற்றிக்கு வேண்டியவை என்று தம் பள்ளி ஆசிரியர் அய்யாதுரை சாலமன் கற்பித்ததாக அவர் குறிப்பிடுபவை மூன்று: விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு. அந்தப் பட்டியலில் கனவு இல்லை. எதிர்பார்ப்பதும் கனவு காண்பதும் வெவ்வேறு விளைவுகளைத் தருபவை என்பதும், எதிர்பார்ப்புக்கு ஏதேனும் ஒரு பிணை வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் பாதிக்கு உளவியலில் சான்று இருக்கிறது. காப்ரியேல் எட்டிங்கனும் டோரிஸ் மேயரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, வேலை தேடும் பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் அணுகியது. வேலை கிடைக்கும் என்று கணித்தவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டதுபோல் அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்களோ குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சம்பளமும் குறைவு. கற்பனை, பலனை முன்கூட்டியே ருசித்து முடித்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தமிழுக்கு இது புதிதன்று. மனப்பால் குடிப்பது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கடினமான கேள்வி. 1977இல் ஆல்பர்ட் பண்டூரா அதற்கு நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே செய்து முடித்த அனுபவம் அவற்றில் வலுவானது. பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்வதைக் கேட்பது, உடலும் மனமும் அந்நேரம் இருக்கும் நிலை ஆகியவை மற்றவை. பிறர் வாய்ச்சொல்லுக்கு அவர் அதிக வலு தரவில்லை. ஆசிரியரின் எதிர்பார்ப்பே மாணவரை உயர்த்தும் என்பதற்கு ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வை மேடைதோறும் காட்டுகிறார்கள். குலுக்கல் முறையில் பொறுக்கிய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளை ‘இவர்கள் விரைவில் மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்த ஆய்வு அது. ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புகளில் மட்டுமே. இத்தகைய விளைவு இருந்தாலும் பெரும்பாலும் சிறியதே என்று ஜுசிமும் ஹார்பரும் 2005இல் பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். மேடைகளில் இந்தப் பின்கதை வருவதில்லை.

அப்படியானால் கலாமின் வாழ்வில் வேலை செய்தது எது? பி.எஸ்சி. இறுதியாண்டில்தான் இயற்பியல் தமக்கானதன்று, பொறியியல் படித்திருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டும். தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பது என்று தம்பி முடிவு செய்தார். அதுவரை பணத்துக்கு உதவித்தொகை ஒன்றே வழி. உதவித்தொகைக்குப் படிப்பு ஒன்றே வழி. ‘நீ நல்லா வருவேப்பா’ என்று யாரும் செலவின்றிச் சொல்லிவிடலாம். அடகு நகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். சொன்னவர் தாமும் எதையோ இழக்கக்கூடும் என்று தெரியும்போது அந்தச் சொல் கேட்டவரின் அன்றாடத்தை மாற்றிவிடுகிறது. இந்த வகை எதிர்பார்ப்பைப் பண்டூராவின் வாய்ச்சொல் வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை. ஒரு வாழ்க்கை வரலாற்றை வைத்து விதி எழுதக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன வளையல்களைப் பற்றி யாரும் தன்வரலாறு எழுதுவதில்லை.

எதிர்பார்ப்பின் எல்லையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலிலேயே இருக்கிறது. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர், இடங்கள் எட்டு. கலாம் ஒன்பதாவது. எவ்வளவு நம்பினாலும் எட்டு ஒன்பதாகாது. தில்லியில் வேறொரு நேர்முகத் தேர்வையும் முடித்திருந்ததால் 1958இல் முதுநிலை அறிவியல் உதவியாளர் வேலை கிடைத்தது. தன்னம்பிக்கை நூல்கள் இந்த இரண்டாவது விண்ணப்பத்தை விட்டுவிட்டு விதியின் கைவரிசையைப் பேசும்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் இந்தச் சிக்கலை வேறு மொழியில் விவாதித்த ஊர் வருகிறது. திருவரங்கத்து வைணவம் சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் சொல்லும். மஹாவிச்வாசம் என்னும் அசையாத நம்பிக்கை அவற்றில் ஒன்று. அதனுடன் சேர்த்தே கார்ப்பண்யம், அதாவது தன்னால் இயலாது என்னும் உணர்வும் வைக்கப்பட்டிருக்கிறது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் வாதிட்டது வீடுபேறு பற்றி, வேலைவாய்ப்பு பற்றியன்று. ஆயினும் நம்பிக்கையையும் இயலாமையையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தத் துணிவு இன்றைய ‘உன்னால் முடியும்’ வகுப்புகளில் இல்லை.

அதே ஊரின் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடிப்பகுதியோடு நின்றது. ஊரார் அதை மொட்டைக் கோபுரம் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்துக் கற்பனை செய்ததில் ஒரு செங்கல்கூட ஏறவில்லை. 1979இல் எண்பது வயதைக் கடந்த அகோபில மடத்து 44ஆம் பட்டம் அழகியசிங்கர் பணியைத் தொடங்கினார். 13 நிலைகள், 236 அடி. 1987 மார்ச்சில் குடமுழுக்கு. செலவு நிலைநிலையாகப் பிரிந்து பலர் கைக்குப் போனது. ஒரு நிலை இளையராஜா கொடுத்தது. பண்டூராவும் ஷுங்கும் 1981இல் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளிடம் கண்டதை இதனருகே வைத்துப் பார்க்கிறேன். மொத்தம் 42 பக்கங்களை முடி என்று கேட்ட பிள்ளைகளைவிட, ஒரு அமர்வுக்கு ஆறு பக்கம் என்று கேட்ட பிள்ளைகளே கழித்தலையும் கற்றார்கள், தம்மால் முடியும் என்றும் நம்பத் தொடங்கினார்கள். கோபுரத்திலும் முதல் சில நிலைகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகே அடுத்த நிலைக்குப் பணம் தரும் துணிவு வந்திருக்கும் என்பது என் ஊகம். நன்கொடைக் கணக்குகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இதைச் சோதித்துவிடலாம்.