ஓமந்தைப் பதிவும் இறுதி யுத்த இனப்படுகொலை மறுப்பும்

இனப்படுகொலை மறுப்பு என்பது, ஒரு மக்கள் கூட்டத்தின் அழிப்பு நடக்கவே இல்லை என்றோ, இழப்பு சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்றோ, செய்தவர் வேறு என்றோ நிறுவ முற்படும் அரசியல் செயற்பாடு ஆகும். இலங்கையின் 2009 இறுதி யுத்தத்தைப் பொறுத்தவரை இம்மறுப்பு பெரும்பாலும் தலைக்கணக்கின் வழியாகவே நடந்தது. அக்கணக்கைப் பொய்யாக்கிய சான்றின் ஒரு பகுதி, வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதியிலுள்ள ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அரச தரப்பே செய்த பதிவுகளில் திரண்டது.

2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஓமந்தை இராணுவத்தின் கடைசிச் சாவடியாகவும், புளியங்குளம் விடுதலைப் புலிகளின் முதற்சாவடியாகவும் இயங்கின. 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவுப்படி ஐ.நா. நிறுவனங்கள் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியை விட்டு வெளியேறிய பின், உள்ளே நடந்ததைச் சொல்ல எஞ்சியிருந்தவர்கள் மதகுருமார், கச்சேரி (மாவட்டச் செயலக) அலுவலர், அரச மருத்துவர், செஞ்சிலுவைச் சங்கத்தினர் எனச் சிலரே.

2009 பெப்ரவரியில் யுத்தப் பகுதியில் சுமார் 70,000 பேரே உள்ளனர் என அரசு கூறியது. அதே காலத்தில் உள்ளூர் அரச அலுவலர் ஒருவர் 3,30,000 என்று மதிப்பிட்டு எழுத, பிழையான தகவல் தந்ததாக அவர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரிக்கப்பட்டார். உலர் உணவும் மருந்தும் தலைக்கணக்குப்படியே அனுப்பப்பட்டமையால், எண்ணைக் குறைப்பது சோற்றையும் குறைப்பதாயிற்று. ஏப்ரல் இறுதியில் எஞ்சியோர் 10,000 பேர் வரையே என்று கொழும்பு சொன்னபோது, ஐ.நா. மதிப்பீடு சுமார் 1,27,000 ஆக இருந்தது. யுத்தம் முடிந்தபோது ஓமந்தை முதலிய இடங்களில் சோதிக்கப்பட்டு, செட்டிகுளம் மெனிக் பாம் போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டோர் 2,80,000ஐத் தாண்டினர்.

இக்கணக்கையே மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380. மிகுதி 1,46,679 பேர் எங்கே என்பது அவர் கேள்வி. இவ்விரு எண்களும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை ஆகையால் இவ்வேறுபாட்டை அப்படியே இறந்தோர் தொகையாகக் கொள்வது சரியன்று. எனினும் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

பொதுமக்கள் உயிரிழப்பே இல்லை என்ற அரசின் நிலைப்பாடும் நிலைக்கவில்லை. வன்னி மருத்துவமனைகளிலிருந்து இறந்தோர் எண்ணிக்கையைத் தொலைபேசியில் சொல்லிவந்த மருத்துவர்கள் கைதாகி, 2009 ஜூலை 8 அன்று தடுப்புக்காவலில் இருந்தபடியே ஊடகவியலாளர் முன் தம் முந்தைய கூற்றுகளை மறுத்தனர். அத்தகைய மறுப்புக்கு என்ன பெறுமதி உண்டு என்பதை விளக்கவேண்டியதில்லை. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டனர் என ஐ.நா. அலுவலர் தொகுத்திருந்தனர்; 40,000 வரை இறந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. அதே ஆண்டில் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையும் உயிரிழப்பை முற்றாகத் தவிர்க்க இயலவில்லை என ஒப்புக்கொண்டது. அரசு அறிவித்த யுத்த சூனிய வலயத்துள் எறிகணைக் குழிகள் இருந்ததைச் செய்மதிப் படங்கள் காட்டின. மருத்துவமனைகள்மீது எறிகணைகள் விழுந்ததை அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவே ஏற்றது. தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதும், கட்டாயமாக ஆட்சேர்த்ததும் நிபுணர் குழுவின் அறிக்கையில் பதிவாகியுள்ளன.

இனப்படுகொலை என்ற குற்றத்துக்கு, 1948ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தின்படி, ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிறுவப்படவேண்டும். 2015 பெப்ரவரியில் வட மாகாண சபை நிறைவேற்றிய தீர்மானமும், 2022இல் மே 18ஐ நினைவு நாளாக ஏற்ற கனடிய நாடாளுமன்றமும் அச்சொல்லைப் பயன்படுத்தின. 2015 செப்டெம்பரில் வெளிவந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை, போர்க்குற்றங்களும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்கக்கூடும் என்ற அளவில் நின்றது. சட்டப்பெயர் பற்றிய இவ்விவாதம் நியாயமானது; அதைச் சாட்டாக வைத்து மரணங்களையே இல்லை என்பதுதான் மறுப்பு.

2009 மே மாதத்தில் ஓமந்தையில், ஒருநாளேனும் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் பெயரைப் பதியவேண்டும் என ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. பதிந்தவர்கள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வீடு திரும்பினர். திரும்பாதோரின் உறவினர் 2017 பெப்ரவரி முதல் வவுனியாவில் தொடர் போராட்டம் நடத்திவருகின்றனர். சரணடைந்தோர் விபரத்தைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊடகவியலாளர் ஒருவர் கோரியபோது, எவரும் இராணுவத்திடம் சரணடையவில்லை, அரசிடமே சரணடைந்தனர் என 2019இல் இராணுவம் பதிலளித்தது.