எட்டுப் பிள்ளை பெற்றவள் எழுதிய உயில்

கிளியோபாட்ரா எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணுதான்: "ராணிக்கு அதிகாரம் இருந்துச்சு, சரி. சாதாரண வீட்டுப் பொண்ணுக்கு என்ன இருந்துச்சு?" நியாயமான கேள்வி. அதனால இன்னைக்கு ராணிகளை ஓரமா வச்சுட்டு, ஒரு அம்மாவைப் பத்திப் பேசப் போறேன். பேரு நௌநக்தே.

இடம், தேர் எல்-மெதினா. இன்றைய லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருந்த சின்ன ஊர். அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளர்களும் ஓவியர்களும் எழுத்தர்களும் குடும்பத்தோடு வாழ்ந்தது இங்கேதான். எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் அதிகம் என்பதால் கடன், சண்டை, கழுதை வாடகை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எகிப்தின் சாதாரண மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த ஒரே ஊரின் தயவு.

முதல்ல கல்யாணம். சினிமாவுல காட்டுற மாதிரி பூசாரி, மந்திரம் எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. கோயிலிலோ அரசு அலுவலகத்திலோ திருமணம் நடத்தி வைத்ததற்கு ஆதாரமே கிடையாது. அவர்கள் அதை 'வீடு அமைத்தல்' என்றார்கள். இரண்டு பேர் ஒரே வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்கினால் அதுதான் கல்யாணம். மனைவிக்கு 'வீட்டின் தலைவி' என்று பட்டம். கணவன் அவளை 'சகோதரி' என்றும் அழைப்பான். அது செல்லப் பெயர்தான், அதைப் பார்த்துட்டு ஊரே அண்ணன் தங்கச்சியைக் கட்டிக்கிட்டதா நினைச்சுக்காதீங்க. பிரிய நினைத்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் பிரியலாம்.

சடங்கில் இல்லாத கறார் எல்லாம் சொத்தில் இருந்தது. மனைவி கொண்டு வந்தது மனைவிக்கே சொந்தம். தம்பதியாகச் சேர்ந்து சம்பாதித்ததில் கணவனுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு மூன்றில் ஒன்று. சமம் இல்லைதான். ஆனால் அந்த ஒரு பங்கு உண்மையிலேயே அவளுடையதா, இல்லை பேச்சுக்கு மட்டுமா? நௌநக்தே கதையை நான் எடுத்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான்.

அவருடைய முதல் கணவர் கென்ஹிர்கோப்ஷெஃப். ஊரின் எழுத்தர், செல்வாக்கானவர், நௌநக்தேவை விட வயதில் ரொம்பப் பெரியவர். அவரது கையெழுத்து இன்றைய ஆய்வாளர்களையும் படாதபாடு படுத்துகிறது, அது தனிக் கதை. இருவருக்கும் குழந்தை இல்லை. அவர் இறந்த பிறகு நௌநக்தே காஎம்நூன் என்ற தொழிலாளியை மணந்தார். விதவை மறுமணம் செய்துகொண்டதை யாரும் பெரிய விஷயமாக எழுதி வைக்கவில்லை. எட்டுக் குழந்தைகள். அதில் ஒரு பையனுக்கு வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: கென்ஹிர்கோப்ஷெஃப். முதல் புருஷன் பேரு, ரெண்டாவது புருஷனோட மகனுக்கு!

வருஷங்கள் ஓடின. ஐந்தாம் ராம்செஸின் மூன்றாம் ஆட்சியாண்டு, கி.மு. 1145 வாக்கில், வயதாகிப்போன நௌநக்தே ஊர் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றார். தன்னை ஃபாரோவின் நாட்டில் ஒரு சுதந்திரப் பெண் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். எட்டுப் பேரையும் வளர்த்தேன், தனிக்குடித்தனம் போகத் தேவையானதை எல்லாம் கொடுத்தேன், இப்போது கிழவியாகிவிட்டேன், எல்லோரும் என்னைக் கவனிப்பதில்லை; கை கொடுத்தவர்களுக்குத்தான் என் சொத்து, கொடுக்காதவர்களுக்கு இல்லை என்று அறிவித்தார்.

சும்மா கோபத்துல கொட்டிட்டுப் போகலை. கணக்கு அவ்வளவு நுணுக்கம். தன்னைக் கவனித்த மகன் கென்ஹிர்கோப்ஷெஃபுக்கு மற்றவர்களுக்கு மேலாக ஒரு வெண்கல வட்டில். ஒரு மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் மூன்று மகன்களும் இன்னொரு மகளும் அம்மாவுக்குக் கொடுத்து வந்த கோதுமையிலும் கொழுப்பிலும் மட்டும் அவளுக்குப் பங்கு கிடையாது. நெஃபர்ஹோதெப் என்ற மகன் உள்பட சிலருக்கு அம்மாவின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஒன்றுமே இல்லை. எவ்வளவு நாள் மனசுக்குள்ள கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.

ஆனால் அவரது அதிகாரம் எங்கே நிற்கிறது என்பதும் அதே பாப்பிரஸில் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அப்பாவின் மூன்றில் இரண்டு பங்கில் உரிமை அப்படியே தொடரும். அதை அம்மாவால் தொட முடியாது. தன்னுடையதை மட்டும் தன் இஷ்டப்படி செய்யலாம். அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும்.

பின்னாளில், கிரேக்கர்கள் எகிப்தை ஆண்ட காலத்தில், கிரேக்கச் சட்டப்படி ஒப்பந்தம் போடும் பெண்ணுக்கு ஓர் ஆண் காப்பாளர் கூட நிற்க வேண்டும். எகிப்தியச் சட்டப்படி போட்டால் தேவையில்லை. நௌநக்தேவும் தனக்காகத் தானே பேசினார்.

இதை வச்சு எகிப்து பெண்களோட சொர்க்கம்னு ரீல்ஸ் போடுறவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. அதே ஊரில் தானியம் அரைக்க அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அவர்களின் வேலை நாட்களை வீடுகள் பங்கு போட்டுக்கொண்டன, விற்றும் கொண்டன. 'சுதந்திரப் பெண்' என்ற வார்த்தைக்கு எடை கூடியது அதனால்தான். மனைவிக்கும் எல்லாம் தானாக வந்துவிடாது. கொஞ்ச காலம் கழித்து, பதினோராம் ராம்செஸ் ஆட்சியில், நெப்நெஃபர் என்ற குழந்தையில்லாத மனிதர் தன் சொத்து முழுக்க மனைவிக்கே போக வேண்டும் என்று நினைத்தார். அதற்கு அவர் கண்ட வழி, மனைவியையே மகளாகத் தத்தெடுப்பது! ஆமாங்க, சரியாத்தான் கேட்டீங்க. கூடப்பிறந்தவர்கள் பங்கு கேட்டு வந்துவிடக் கூடாதே.

நௌநக்தேயின் உயில் நின்றதா? நின்றது. அடுத்த ஆண்டு காஎம்நூன் பிள்ளைகளோடு அதே நீதிமன்றத்துக்கு வந்து, மனைவி எழுதி வைத்தது எழுதியபடியே இருக்கட்டும் என்றார். மீறி வழக்காடினால் நூறு அடி, சொத்தும் பறிபோகும் என்று சத்தியமும் வாங்கப்பட்டது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அந்த உயில் இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கனவுப் பலன் நூல் இருக்கிறது. முதல் கணவர், அந்த எழுத்தர், வைத்திருந்த பிரதி. அதில் பிற்பாடு ஒரு பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது: அமென்நக்த், காஎம்நூனின் மகன். அம்மா பங்கு கொடுத்த பிள்ளைகளில் ஒருவன்.