ஆள்வாரற்ற ஏழு மாதங்கள்

1949-ஆம் ஆண்டில் சுங்க உடன்பாடு முறிந்தபின், இந்திய அரசாங்கம் புதுச்சேரியைச் சூழச் சுங்கச் சாவடிகளை எழுப்பிய வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். ஆனால் சாவடிகளால் அடைத்துவிடக் கூடிய பிரதேசமாக அது அமையவில்லை. அதன் எட்டுக் கொம்யூன்களும் (பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவுகள்) தென்னார்க்காட்டு மண்ணுக்குள்ளே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தமையால், உழவர்கரைக் கொம்யூனைச் சேர்ந்த கதிர்காமத்திலிருந்து புறப்பட்டு நெட்டப்பாக்கத்தை நோக்கி வயல் வழியே நடக்கிற ஒருவர், ஒரு வரப்பைக் கடந்தவுடன் இந்தியாவிலும், மற்றொரு வரப்பைக் கடந்தவுடன் மீண்டும் பிரெஞ்சு ராஜ்யத்திலும் காலூன்ற வேண்டியிருந்தது.

இத்தகைய நிலத்தில்தான் 1954 மார்ச் 18-ஆம் தேதி, அதுவரை பிரெஞ்சு ஆட்சிக்குத் துணைநின்ற எத்துவார் குபேர் முதலிய தலைவர்களும் மேயர்களும், பொதுவாக்கெடுப்பின்றியே இந்தியாவோடு இணைய வேண்டுமென்று தீர்மானித்தனர். அம்மாதம் 31-ஆம் தேதி குபேரும் மதுகரை வெங்கடசுப்பா ரெட்டியாரும் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினர்; அங்கே ஒரு தற்காலிக அரசாங்கமும் ஸ்தாபிதமாயிற்று. ஏப்ரலில் வ. சுப்பையா தலைமையில் பொதுவுடைமையினர் திருபுவனைப் பகுதியில் போராட்டத்தில் இறங்கினர். ஜூன் 13-இல் ஏனாமும், ஜூலை 16-இல் மாகேயும் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டு நழுவின. கதிர்காமத்தாரும் நகரத்தாரும் பழைய கொடியின் கீழேயே வாழ்ந்திருக்க, சில காத தூரத்திலிருந்த கிராமங்களிலோ பிரெஞ்சுச் சட்டம் விலகிவிட்டது. இந்தியச் சட்டமோ இன்னும் வந்து சேரவில்லை.

சட்டம் விலகிய நிலத்தில் மனிதர் என்ன செய்வர் என்பதற்கு நம் காலத்தில் ஒரு நூதனமான சான்று உண்டு. ஐஸ்லாந்து நிறுவனமொன்று 2003-இல் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டில், காவற்படை எட்டிப் பார்க்காத எல்லைப்புற மண்டலங்கள் ஆடுவோர் வசமே விடப்பட்டன. அவர்கள் வெறுமனே கொள்ளையடித்துத் திரியவில்லை. கூட்டணிகள் அமைத்தனர், எல்லை வகுத்தனர், குத்தகை வசூலித்தனர், தூது அனுப்பினர். ஆயினும் அங்கே உரிமைக்கு இறுதிச் சான்று பலம் ஒன்றே. 2014 ஜனவரியில் ஒரு மண்டலத்துக்குரிய கட்டணம் செலுத்தப்படாமற் போகவே, அதனைக் கைப்பற்ற ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ 21 மணி நேரம் பொருதனர்.

நெட்டப்பாக்கத்திலும் அதிகாரம் முதலில் பலத்தால்தான் கைமாறியது; வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு கட்சியினர் முன்னின்றமையால், அது சிற்றரசுகளின் பூசலாக முற்றியிருக்கவும் கூடும். அவ்வாறு முற்றாமல், அந்த அதிகாரத்தை ஒரு வாக்குப் பெட்டியின் முன் கொண்டுவந்து வைத்ததே இவ்வரலாற்றின் பெருமை என்பது என் உறுதியான அபிப்பிராயம். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், எண்மர் எதிர்த்தனர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டபூர்வமான இணைப்புக்கோ 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க நேர்ந்தது.

1948-ஆம் ஆண்டு இந்திய-பிரெஞ்சு உடன்பாட்டின்படி ஜனங்கள் அனைவரும் தாமே நேரில் வாக்களித்துத் தம் கதியைத் தீர்மானித்திருக்க வேண்டும். அது நிகழாமற் போனது மறுக்கவொண்ணாத குறையே. எனினும், கொடியேற்றிய குபேரும் ரெட்டியாரும் பின்னாளில் முதலமைச்சர்களானது தேர்தல்களின் வழியே என்பதையும், கீழூரில் எதிர்த்த எண்மரின் வாக்கும் ஆதரித்தோர் வாக்கைப் போலவே எண்ணிப் பதியப்பெற்றது என்பதையும் நாம் மறத்தலாகாது. பிடித்த நிலத்தைத் தமதென்று வைத்துக்கொள்ளும் வாய்ப்பிருந்தும், மாற்றார் குரலையும் கணக்கில் சேர்க்கச் சம்மதித்த அந்த நாளிலேயே ஆள்வாரற்ற நிலம் குடிமக்களின் நாடாயிற்று.

(தொடரும்)