இரவுக் கண்காணிப்பு கேமராவில் அசைவு மங்கல்

கேமராவின் சென்சார் ஒளியை வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் எதிரிலுள்ள ஆளோ வண்டியோ நகர்ந்துவிட்டால் உருவம் இழுபட்டுப் பதிவாகும். இதுவே அசைவு மங்கல். பகலில் அந்த நேரம் மிகச் சிறியது. இருட்டியதும் கேமரா தானாகவே ஷட்டரை 1/25 நொடி வரை திறந்து வைக்கிறது. ‘ஸ்லோ ஷட்டர்’ வசதி இயங்கினால் அதற்கு மேலும். காட்சி வெளிச்சமாகத் தெரியும், ஆனால் நடந்து போகிறவர் அதற்குள் 5 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருப்பார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் கார் 67 செ.மீ. கடந்திருக்கும். அதன் நம்பர் பிளேட்டின் நீளமே 50 செ.மீ. தான்.

எனவே முதல் வேலை, ஷட்டர் வேகத்தைக் கையால் நிர்ணயிப்பது. ஆள் நடமாட்டத்துக்கு 1/100 நொடி பெரும்பாலும் போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகளின் சிமிட்டலும் அதில் தெரியாது. நம்பர் பிளேட்டுக்கு 1/500 அல்லது அதைவிட வேகம் வேண்டும். நொடிக்கு 25 படங்களை 50 ஆக்குவதால் மட்டும் மங்கல் குறைந்துவிடாது. மெகாபிக்சலைக் கூட்டுவதும் உதவாது: அதே அளவு சென்சாரில் பிக்சல்கள் சிறுத்து, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது.

1/25 இலிருந்து 1/100க்கு மாறினால் ஒளி கால் பங்காகிவிடும். எஃப் 2 லென்ஸுக்குப் பதில் எஃப் 1 லென்ஸ் போட்டால் அந்த இழப்பு அப்படியே ஈடாகும். இல்லையேல் விளக்கு வேண்டும். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 தெரியாது, ஆனால் சென்சாருக்கு அதில் உணர்திறன் குறைவு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும் என்பதால், விளக்கைக் கேமராவோடு ஒட்டியே வைக்காமல் வாசலருகே வைப்பது நல்லது.

சென்சார் தரும் சமிக்ஞையைப் பெருக்கும் ‘கெயின்’ கூட்டினாலும் படம் வெளுக்கும், கூடவே புள்ளிகளும் பெருகும். அவற்றை அழிக்கும் இரைச்சல் குறைப்பு, அடுத்தடுத்த படங்களைக் கலப்பதால் நகரும் ஆளின் பின்னே நிழல் வால் நீள்கிறது. பலர் இதையே அசைவு மங்கல் என்று நினைத்து ஷட்டரைத் திருகுகிறார்கள். குறைக்க வேண்டியது இரைச்சல் குறைப்பின் அளவை.

பதிவான மங்கலைக் கணக்கீட்டால் ஓரளவே நீக்க முடியும். 1970களின் ரிச்சர்ட்சன்–லூசி முறை, உருவம் இழுபட்ட திசையும் நீளமும் தெரிந்தால் பலன் தரும். இரவுப் பதிவின் புள்ளிகளையோ அது பெருக்கிவிடும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தரும் தெளிவான முகம் பெரும்பாலும் ஊகம். அதை அடையாளச் சான்றாகக் கொள்ளக்கூடாது.