கண்டியில் கிறிஸ்தவ வாழ்வு

இலங்கையின் கடைசி அரசிருக்கையாக விளங்கிய கண்டி, தலதா மாளிகையின் நகரம். பௌத்தர்களின் புனிதத் தலம். கிறிஸ்தவர்கள் அங்கே என்றும் சிறுபான்மையினர். ஆனாலும் வேதம் போதிக்கிறபடி வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு, இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்றின் மிகத் தெளிவான விடை இந்த மலைநகரில்தான் கிடைக்கிறது. 1692ஆம் ஆண்டு கண்டிக்குள் நுழைந்த கோவா நாட்டுக் குருவான புனித யோசேப் வாஸ் அந்த விடையைத் தம் வாழ்க்கையால் எழுதினார்.

கரையோரப் பகுதிகளில் கிறிஸ்தவம் போர்த்துக்கேய ஆட்சியோடு பரவியது. 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து தங்கள் சீர்திருத்த சபையைப் புகுத்தினர். அரசாங்க உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் ஞானஸ்நானப் பதிவு தேவைப்பட்டதால், பெயரளவில் கிறிஸ்தவர் ஆனவர்கள் ஏராளம். கண்டியில் அப்படி எந்த ஆதாயமும் இல்லை. அங்கிருந்த கத்தோலிக்கர்களில் பலர் போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்தோர். மற்றவர்கள் கரையோரத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்தோர். குருவும் இல்லை, கோயிலும் இல்லை. விசுவாசத்தால் ஒரு சல்லிக்கும் பயனில்லாத இடத்தில் விசுவாசியாக இருப்பதே உண்மையான சோதனை என்பதால், இலங்கைத் திருச்சபையின் கதையைக் கண்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

யோசேப் வாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனோலிம் கிராமத்தில் பிறந்தவர். கொங்கணி பேசும் குடும்பம். 1676இல் குருப்பட்டம் பெற்றார். ஒல்லாந்தர் ஆட்சியில் குருவின்றித் தவிக்கும் இலங்கைக் கத்தோலிக்கர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1687இல் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவின் உடையைக் களைந்து, கூலியாளின் கோலத்தில், தமிழ் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறியதோ அங்கே மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். சில்லாலை ஊரார் அவரை மறைத்துவைத்துக் காத்தனர். ஒல்லாந்தரின் கெடுபிடி முற்றியபின் புத்தளம் வழியாகக் கண்டியை நோக்கி நடந்தார்.

கண்டியில் அவரை வரவேற்றது சிறை. அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த, சீர்திருத்த சபையைச் சேர்ந்த லானரோல் என்ற பிரெஞ்சுக்காரர், வந்திருப்பவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரிடம் சொல்லிவிட்டார். கட்டுக்காவலில் கிடந்த காலத்தை வாஸ் அடிகளார் சிங்களம் படிக்கப் பயன்படுத்தினார். காவல் தளர்ந்ததும் அங்கேயே ஓலைக் கொட்டில் ஒன்றைக் கோயிலாக்கித் திருப்பலி நிறைவேற்றினார். கடும் வறட்சியில் அவர் செபித்தபோது மழை பெய்தது என்றும், அதன்பின் மன்னரின் மனம் மாறியது என்றும் மரபு கூறுகிறது.

அந்த மழையைவிட, 1697இல் கண்டியைத் தாக்கிய வைசூரியே அவரது வாழ்வை அளக்க உதவும் நிகழ்ச்சி. மன்னரும் பரிவாரமும் நகரைவிட்டு நீங்கினர். வைசூரி கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாரும் அங்கே குடிசைகள் போட்டு, நோயாளிகளை உள்ளே கிடத்தி, நாள்தோறும் போய்ப் புண்களைக் கழுவினர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர். இறந்தவர்களுக்குத் தாங்களே குழி வெட்டினர். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. பல மாதங்கள் இந்தப் பணி நீடித்தது.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் இறுதித் தீர்ப்பின் அளவுகோலாக வைப்பவை வழிபாட்டு முறைகளோ கோட்பாடுகளோ அல்ல. பசித்தவருக்கு உணவளித்தாயா, அந்நியரை ஏற்றாயா, நோயாளியைக் கவனித்தாயா, சிறையிலிருப்பவரைப் போய்ப் பார்த்தாயா என்பவையே அங்கே எழும் கேள்விகள். வாஸ் அடிகளார் கண்டியில் முதலில் அந்நியராக இருந்தார், பிறகு சிறைக்கைதியாக இருந்தார், அதன்பின் நோயாளிகளுக்குத் தாதியானார். அந்த அதிகாரத்தின் இரு பக்கங்களிலும் நின்றவர் அவர். கண்டி மன்னர் அவருக்குச் சுதந்திரமாகப் போதிக்க இடம் கொடுத்ததற்கு எந்த வாதத்தையும்விட இந்தப் பணிவிடையே பெரிய காரணம்.

அவருடைய அமைப்பு முறையும் கவனிக்கத்தக்கது. குருமார் சிலரே இருந்த தேசத்தில், ஊர்தோறும் கோயிலைப் பார்த்துக்கொள்ள மூப்பரையும், செபமும் வேதபாடமும் சொல்லிக்கொடுக்க அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குரு வராத மாதங்களிலும் விசுவாசம் வீட்டுக்குள் அணையாமல் இருந்ததற்கு இந்தப் பொதுநிலையினரே காரணம். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி அந்த அண்ணாவிமாரின் கைக்குப் பாடம் கொடுத்தார். வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். நகரிலேயே அடக்கம் செய்யப்பட்ட அவரது கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்பது இன்று யாருக்கும் தெரியாது. 1995இல் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1740களில் அரசவையின் போக்கு மாறி, குருமார் வெளியேற்றப்பட்டனர், கோயிலும் போயிற்று. 1815இல் பிரித்தானியர் கண்டியைப் பிடித்த பின்னரே சபைகள் மறுபடி வேரூன்றின. தலதா மாளிகைக்கு அருகில் ஆங்கிலிக்கன் சபையின் தூய பவுல் ஆலயம் எழுந்தது. கண்டி கத்தோலிக்க மறைமாவட்டம் 1886இல் நிறுவப்பட்டது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1893இல் அம்பிட்டியில் தொடங்கிய குருமடம், 1955இல் பூனாவுக்கு மாறும் வரை, இந்தியாவிலிருந்தும் மாணவர்களை ஈர்த்தது.

தமிழரைப் பொறுத்தவரை கண்டியின் இரண்டாவது அத்தியாயம் தோட்டங்களில் எழுதப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிடையே பணிசெய்ய 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்தனர். பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு முன்னும் வேலை விட்ட பின்னும் கிடைக்கிற நேரமே அவர்களுக்கு உரியது. ஒன்றை மறைக்கக் கூடாது: அந்த மிஷனுக்குத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தனர். துரையின் காசில் நடக்கும் ஊழியம் துரையைப் பார்த்து ஆமோஸ், யாக்கோபு ஆகியோரின் குரலில் கூலியைப் பற்றிக் கேள்வி கேட்பது கடினம். கூலிக்காரரின் கூலியைப் பிடித்துவைப்பதை யாக்கோபின் நிருபம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை விசுவாசிகள் அறிவர். அந்தக் கேள்வியைக் கண்டியில் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் இயேசு சபைக் குரு போல் காஸ்பெர்ஸ். 1972இல் அவர் கண்டியில் நிறுவிய சத்யோதய நிலையம், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரின் உரிமைக்காகச் சிங்களரையும் தமிழரையும் ஒன்றாக உட்கார வைத்தது. வாஸ் அடிகளாரை வைசூரிக் குடிசைக்கு அழைத்துச் சென்ற அதே வேதவாக்கியம்தான் காஸ்பெர்ஸ் அடிகளாரை லயத்துக்கு அழைத்துச் சென்றது என்றே கொள்ள வேண்டும்.

வேதத்தைக் கண்டி மண்ணின் சாயலில் காண விரும்புவோருக்குத் திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் உண்டு. 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் அர்ப்பணிக்கப்பட்ட இக்கட்டடம், கண்டி மன்னரின் சபாமண்டபத்தைத் தழுவிச் செதுக்கிய கருங்கல் தூண்களால் ஆனது. பக்கங்கள் சுவர் அடைப்பின்றித் திறந்திருப்பதால் காற்று தாராளமாக வரும். டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில் இயேசு தாடியில்லாதவர். சுற்றி நிற்போரின் நிறமும் முகமும் இந்நாட்டாருடையவை. நல்ல சமாரியனும் சீடரின் பாதம் கழுவுதலும் அங்கே தனித்தனி ஓவியங்களாக உள்ளன. சமாரியன் உவமையை இதைவிட அருகில் கொண்டுவந்த ஓவியம் இலங்கையில் இல்லை என்பது என் கருத்து.

கண்டி–கொழும்பு வீதியில் உள்ள பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியை ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபைகள் உள்ளிட்டோர் சேர்ந்து நடத்துகின்றனர். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் அங்கே சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வளாகத்தில் வேதம் படித்தனர். இன்றும் இரு மொழிகளிலும் பாடம் நடக்கிறது.