திண்ணையும் சோபாவும்

வேலூரை 'வெயிலூர்' என்று வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வூரில் ஒருநாள் தங்கிப் பார்த்தவர்கள் அதனை வெறும் வேடிக்கையென்று கொள்ளமாட்டார்கள். மார்கழிக்கு ஒரு கம்பளிப் போர்வை. தை கழிந்தால் அதுவும் பெட்டிக்குள் போய்விடும். இவ்வளவே அப்பகுதி மக்கள் அறிந்த குளிர்கால ஏற்பாடு. ஆயினும், பனி பெய்யும் மேலைநாடுகளின் இல்லங்களில் குளிரை விரட்டும் பொருள்களைக் கணக்கெடுத்தால், அவற்றுள் ஒன்று வேலூரையும் ஆம்பூரையும் ஒட்டிய பாலாற்றங்கரையில் பக்குவப்பட்ட பொருளாக இருக்கக் காணலாம். அதுதான் தோல். வெயிலில் வாடும் ஊரொன்று குளிர்நாட்டு மாளிகைக்கு வெதுவெதுப்பைச் செய்து அனுப்புகிறது என்பது விந்தையன்றோ?

அவ்விந்தையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். குளிருக்கு இதமாக இல்லத்தை அணி செய்யும் கலை செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். அக்கலையின் வேரைத் தேடிச் சென்றாலோ, உழைத்த கைகளையும் ஏழைகளின் இருக்கையையுமே நாம் காண்கிறோம்.

குளிர்கால அறையின் இரகசியம் நெருப்பில் மட்டும் இல்லை. அசையாத காற்றிலும் இருக்கிறது. ஆட்டுமயிரின் இழை சுருண்டு சுருண்டு வளர்வது. அச்சுருள்களுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. தரையில் விரித்த கம்பளம் மண்ணின் குளிர் காலில் ஏறாமல் தடுப்பதும், சுவரில் தொங்கும் கனத்த திரை கல்லின் குளிர் அறைக்குள் பரவாமல் காப்பதும் இதனாலேயே. தோலும் பின்னிப் பிணைந்த நுண்ணிழைகளால் ஆனதே. தொட்டவுடன் அது குளிர்வதுபோல் தோன்றினும், சற்று நேரத்தில் உடலின் சூட்டை ஏற்று இதமளிக்கும்.

இவ்வுண்மையை ஆசிய மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஈரானிய இல்லங்களில் தாழ்வான மேசையொன்றின்கீழ் தணல்சட்டியை வைத்து, மேலே பெரிய மெத்தைப் போர்வையைப் போர்த்தி, குடும்பத்தார் அனைவரும் அதனைச் சுற்றி அமர்ந்து கால்களைப் போர்வைக்குள் நீட்டிக்கொள்வர். இதற்குக் 'குர்ஸி' என்று பெயர். காஷ்மீரத்திலோ கல் தளத்தின் அடியில் விறகெரித்துத் தரையையே சூடாக்கும் 'ஹமாம்' அறைகள் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் உள்ளன. இவ்விரண்டிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். சூடு ஒருவருக்கென்று ஒதுக்கப்படவில்லை. ஒன்றுகூடி அமர்வோர் அனைவருக்கும் அது பொதுவாகிறது.

திருக்குர்ஆனின் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தின் 80ஆம் வசனம் ஈண்டு நினைவுகூரத்தக்கது. கால்நடைகளின் தோல்களால் பயணத்திற்கு இலகுவான கூடாரங்களையும், அவற்றின் கம்பளி, மென்மயிர், உரோமம் ஆகியவற்றால் வீட்டுச் சாமான்களையும் இறைவன் மனிதனுக்கு அருளியிருப்பதை அவ்வசனம் எடுத்துரைக்கிறது. அவை குறித்த காலம்வரை அனுபவிப்பதற்கே என்பதையும் உடன் உணர்த்துகிறது. இல்லத்தின் வசதி இங்கே இகழப்படவில்லை, அருளாகவே எண்ணப்படுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச நார் அடைத்த தோலால் ஆனது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதையும் நாம் அறிவோம். மன்னர்களின் மஞ்சத்திற்கு மட்டும் உரியதாய்த் தோல் பிறக்கவில்லை.

மன்னர்களின் அறை எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமாயின் மதாயின் நகருக்குச் செல்லவேண்டும். ஹிஜ்ரி 16ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 637இல், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் படை பாரசீகப் பேரரசின் அத்தலைநகரைக் கைக்கொண்டது. அரண்மனையில் கிடைத்த பொருள்களுள் ஒரு விரிப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் தபரீ விரிவாக எழுதியுள்ளார். அறுபது முழ நீளமும் அறுபது முழ அகலமும் உடையது அவ்விரிப்பு. தோட்டத்தில் மலர்கள் உதிர்ந்து, செடிகொடிகள் வாடிவிடும் குளிர்காலத்தில் அரசர்கள் அதன்மீது அமர்ந்து விருந்துண்பர். அப்போது வசந்தகாலச் சோலையில் இருப்பதுபோன்ற மயக்கம் உண்டாகும். பொன்னால் நிலமும், பட்டால் இலைகளும், பொன் வெள்ளியால் மலர்களும், மணிகளால் கனிகளும் அதில் அமைக்கப்பட்டிருந்தன. குளிர்கால அறை அலங்காரத்தில் இதனை விஞ்சியதொன்றை உலக வரலாறு கண்டதில்லை எனலாம்.

விரிப்பு மதீனாவை அடைந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதனை என்ன செய்வதென்று தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அதனைப் பாதுகாத்து வைத்தால் நாளை உரிமையற்றவர் எவரேனும் அதனை அடையக்கூடும் என்று அலீ (ரலி) அவர்கள் எடுத்துரைக்கவே, விரிப்பு துண்டு துண்டாக வெட்டப்பட்டு மக்களிடையே பங்கிடப்பட்டது. அலீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த துண்டு சிறந்த துண்டுகளுள் ஒன்றன்று; ஆயினும் அது இருபதாயிரம் திர்ஹத்திற்கு விலைபோயிற்று. கலைப்பொருள் அழிந்ததே என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் நமக்கும் இல்லாமல் இல்லை. ஆனால், ஒரு மனிதனின் குளிரைப் போக்கப் பல்லாயிரவரின் உழைப்பு விழுங்கப்பட்ட கதைக்கு அன்று ஒரு முடிவு எழுதப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தரையிலிருந்து சுவருக்கு வருவோம். லிபியாவின் பாலைவனத்தில் கதாமிஸ் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயராலேயே ஸ்பெயினில் ஓவியம் தீட்டிய சுவர்த்தோல் 'குவாதமெசி' என்று வழங்கலாயிற்று. ஆட்டுத்தோலின்மேல் வெள்ளித்தகடு ஒட்டி, மஞ்சள் மெருகெண்ணெய் பூசிப் பொன்போல் ஒளிரச் செய்து, அச்சுப் பதித்து வண்ணம் தீட்டுவார்கள். குர்துபா நகரம் இதற்குப் பேர்பெற்றது. அந்நகரின் பெயரிலிருந்தே செருப்புத் தைப்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றும் பிறந்தது. ஈரம் கசியும் கற்சுவர்களை மறைக்கவும், அறைக்கு எழிலூட்டவும் ஐரோப்பியப் பிரபுக்கள் இத்தோல்களை விரும்பி வாங்கினர்.

முஸ்லிம்களின் வழித்தோன்றல்களாகிய மொரிஸ்கோக்கள் 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்து கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். பொற்றோல் தொழிலும் அந்நாட்டில் தளர்ந்து, 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் செழித்தது. சுவரில் தோல் நிலைத்தது. அக்கலையை வளர்த்த சமுதாயத்திற்கு அம்மண்ணில் நிற்க இடமில்லாது போயிற்று. பொருளைப் போற்றி, செய்தவரை மறக்கும் இவ்வழக்கம் ஸ்பெயினோடு முடிந்துவிடவில்லை.

இனி, இருக்கைக்கு வருவோம். குளிர்கால அறையின் நடுநாயகமாக விளங்குவது சோபா. இச்சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்தன்று. அரபியில் 'ஸுஃப்பா' என்பதே துருக்கி மொழி வழியாக ஐரோப்பாவை அடைந்து சோபாவாயிற்று. ஸுஃப்பா என்றவுடன் வாசகர்களின் உள்ளம் மதீனாவுக்கு விரையும் என்பதில் ஐயமில்லை. மஸ்ஜிதுந் நபவியில் கூரையிட்ட ஓர் இடம் ஸுஃப்பா எனப்பட்டது. வீடும் வாசலும் உற்றாரும் அற்ற ஏழைத் தோழர்கள் அங்கே தங்கினர், கல்வி கற்றனர், கிடைத்ததைப் பகிர்ந்துண்டனர். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். அவர்களைத் 'திண்ணைத் தோழர்கள்' என்று தமிழ் முஸ்லிம்கள் அழைத்தது எத்துணைப் பொருத்தம்! நம் வீடுகளின் முகப்பிலே வழிப்போக்கனுக்கென்று விட்டுவைத்த இடமன்றோ திண்ணை? வறியோர் தங்கிய திண்ணையின் பெயரைத் தாங்கியே இன்று செல்வரின் அறையில் சோபா வீற்றிருக்கிறது.

அச்சோபாவுக்குப் போர்த்தும் தோலைத் தேடி இப்போது பாலாற்றங்கரைக்குத் திரும்புவோம். 2019இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலுக்குப் பேர்பெற்றவை. இன்று அவற்றின் பெருந்தொழில் காலணியே. இருக்கை உறைக்கான தோலும் கைப்பைகளும் ஆடைகளும் அதன் கிளைகள். பழங்காலத்தில் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை, ஆவாரம் பட்டையின் சாற்றில் பல வாரங்கள் பதப்படுத்தி, கடுக்காயால் மெருகேற்றுவர். சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையே இலண்டன் சந்தையில் நம் தோலுக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடிற்று. அதன்பின் இப்பகுதியின் சரக்கு சென்னைத் துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று. 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் அரைப்பதமாகக் கப்பலேறிய தோல், இங்கிலாந்தில் முழுமெருகு பெற்றது. இலாபத்தின் பெரும்பங்கும் அங்கேயே தங்கிற்று.

1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடுதலைத் தொடங்கி வைத்தார். 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தோன்றியது. 1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது; முழுமெருகும் காலணித் தயாரிப்பும் இங்கேயே வளர்ந்தன. இத்தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் ஈட்டிய பொருள் அறப்பணிகளுக்கும் பயன்பட்டது. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், தோல் வணிகரும் வள்ளலுமாகிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரியும் அதற்குச் சான்று பகர்வன. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்திகள் இவை.

பெருமையைப் பேசும் நாம் பொறுப்பையும் பேசவேண்டும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அத்தண்ணீர் உப்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. பாலாற்று மணலும் கிணறுகளும் அதனைக் குடித்தன. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டிற்று. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியதும் அத்தீர்ப்பே. 2001இல் 29,193 பேருக்கு 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிடப்பட்டது. பங்கிட்டுப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாயைக்கூட எட்டாத தொகை அது! 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30ஆம் நாளிலும் உச்சநீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் பேச வேண்டியதாயிற்று. இழப்பீட்டை அரசு வழங்கி, மாசுபடுத்தியவரிடமிருந்து அதனை வசூலிக்குமாறு ஆணையிட்டது.

தோல் தொழிலை மூடிவிடுவதே இதற்கு மருந்து என்று நாம் கூறவில்லை. இலட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. காலணிச் சாலைக்கு விடியற்காலையில் வேன் ஏறிச் செல்லும் கிராமத்துப் பெண்களுக்கு அது சொந்தக் காலில் நிற்கும் வாய்ப்பை அளித்திருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்து, கழிவுநீரை ஆற்றில் விடாமல் மீண்டும் பயன்படுத்த முயலும் ஆலைகளும் உள்ளன. ஆனால், ஆதாயம் ஓரிடத்திலும் கசப்புநீர் வேறிடத்திலுமாகப் பங்கிடப்படுமாயின், அது நீதியான பங்கீடாகாது. மதாயின் விரிப்பை மதீனாவில் பங்கிட்ட கதையைப் பெருமையோடு மேடையில் சொல்லும் சமுதாயத்திற்கு இதனை எடுத்துக்கூறவும் வேண்டுமோ?

குளிர்நாட்டு அறையில் சோபாவில் சாய்ந்திருப்பவர், அத்தோல் எந்த ஆற்றின் தண்ணீரைக் குடித்தது என்று கேட்பதில்லை. அவர் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தோலை விற்பவரும் பதனிடுபவரும் நம்மவரே. கிணறு உவர்த்துப்போன உழவரும் தொட்டியில் இறங்கிய தொழிலாளியும் நம்மவரே. ஓர் இல்லத்தின் வெதுவெதுப்பு அதன் விரிப்பின் விலையில் இல்லை. அதில் எத்தனை பேர் அமர இடமுண்டு என்பதிலேயே இருக்கிறது. திண்ணையிலிருந்து பிறந்த சோபா நமக்கு நினைவூட்டுவது அதனையே. பாலாற்றங்கரைக் கிணறுகளில் நல்ல தண்ணீர் மீண்டும் ஊறும் நாளில்தான், அங்கிருந்து கப்பலேறும் தோலும் தூயதாகும்.