ஊருக்கு ஒரு கரன்சி

ஜெர்மன்ல 'நோட்கெல்ட்'னு ஒரு சொல் உண்டு. உடனே நம்ம ரூபாய் நோட்டு ஞாபகத்துக்கு வருதா? அந்த 'நோட்' வேற மக்களே! அதுக்கு நெருக்கடின்னு அர்த்தம்; கெல்ட்னா பணம்.

1914-ல் முதல் உலகப்போர் ஆரம்பிச்சதுமே ஜனங்க வெள்ளிக்காசைப் பதுக்கிட்டாங்க. செம்பும் நிக்கலும் போர்த்தளவாடம் செய்யப் போச்சு. 1918-ல் போர் முடிஞ்சும் சில்லறைப் பஞ்சம் தீரலை. விலைவாசி ஏற ஏற, காசுல போட்டிருக்கற மதிப்பை விட அதுல இருக்கற உலோகம் ஒசத்தியாயிடுச்சு. அப்புறம் யார் காசை வெளியே எடுப்பாங்க?

நம்ம பாஷையில சொன்னா, மெயின் சர்வர் படுத்துடுச்சு. ஒவ்வொரு ஊரும் தனித்தனியா பேட்ச் போட்டுக்கிச்சு. நகராட்சிகளே 25, 50 ஃபெனிக்குக்குச் சீட்டு அச்சடிச்சாங்க (100 ஃபெனிக் = 1 மார்க்). வெளியூர்ல செல்லாது, உள்ளூர்ல ரொட்டி வாங்கலாம். அந்தச் சீட்டுக்குப் பின்னாடி இருந்தது தங்கம் இல்லை, ஊரோட வாக்கு.

இதுல ஒரு சுவாரசியம். ஹாமெல்ன் நகரம் தன் சீட்டுல எலிகளை மயக்கிக் கூட்டிட்டுப் போன குழலூதியின் கதையைப் படமா போட்டது. பீலெஃபெல்ட் நகர சேமிப்பு வங்கி பட்டுத்துணியிலேயே பணம் அச்சடிச்சது! சேகரிப்பாளர்கள் வாங்கி ஆல்பத்துல வச்சுக்கிட்டாங்க. மாத்த வராத சீட்டு ஊருக்கு லாபம் தானே? :-) அதனால புழக்கத்துக்கே வராத சீட்டெல்லாம் அச்சாச்சு. 1922 ஜூலையில் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது.

ஆனா 1923-ல் பணவீக்கம் தலைவிரிச்சு ஆடினப்போ, மத்திய வங்கி அச்சடிச்ச நோட்டு சம்பளம் போடக்கூடப் பத்தலை. ஊர்களும் கம்பெனிகளும் மறுபடி அச்சடிச்சாங்க. இந்தத் தடவை லட்சம், கோடின்னு. நவம்பர்ல ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்! புது ரென்டன்மார்க் வந்தப்போ, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்குக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. ஆயுசு பூரா சேமிச்சவங்க கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

சில்லறை இல்லைங்கற பிரச்சினையை ஒரு ஊரால தீர்க்க முடிஞ்சது. ஆனா சீட்டுல எழுதின 'மார்க்'கோட மதிப்பு ஊர் கையில இல்லையே. எவ்வளவு நேர்மையான நகராட்சியா இருந்தாலும், மார்க் விழுந்தப்போ அதோட சீட்டும் கூடவே விழுந்துச்சு. இது புரிஞ்சதாலதான் அந்த வருஷக் கடைசியில சில ஊர்கள் தங்க மார்க், டாலர் கணக்குல சீட்டு போட்டாங்க.

கையெழுத்துப் போட்டவர் யாருன்னு மட்டும் பார்த்தாப் போதாது. எந்த அளவுகோல்ல வாக்குக் கொடுத்திருக்கார்னும் பார்க்கணும்.